ஷூவை மாற்றிப் போட்ட சிறுவன்: குழந்தைப் பாதுகாப்புப் பணியில் 11 ஆண்டுகள்

அந்தச் சிறுவனுக்கு ஏழு வயது. அவனை வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு கிளம்ப எங்களுக்குச் சில நிமிடங்கள்தான் இருந்தன. உள்ளே ஒருவர் கத்திக்கொண்டிருந்தார். வாசலில் காவலர் நின்றிருந்தார். "உனக்கு வேணுங்கிறதை எடுத்து வச்சுக்கோ கண்ணா" என்றேன். பள்ளிக்கூடப் பையில் என்னென்னவோ திணித்தான். ஜிப் பாதியில் மாட்டிக்கொண்டது. பின்னால் தள்ளி மறுபடி இழுத்தான், வரவில்லை. உதவப் போனேன், என் கையைத் தள்ளிவிட்டான். அழவில்லை. அப்புறம் ஷூ போட்டுக்கொண்டான். வலது ஷூ இடது காலில், இடது ஷூ வலது காலில். அதையும் மாற்ற விடவில்லை. அப்படியே நடந்து வந்து வண்டியில் ஏறினான்.

அன்று இரவு ரிப்போர்ட்டில் 'குழந்தை அமைதியாக இருந்தது, ஒத்துழைத்தது' என்று எழுதினேன். அவன் அமைதியாக இல்லை, உறைந்து போயிருந்தான். பயத்தின் உச்சியில் குழந்தைகள் இப்படி உறைவார்கள் என்று எனக்கு நன்றாகவே தெரியும். படித்திருக்கிறேன், புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். இருந்தும் அப்படி எழுதினேன். அப்படி எழுதினால்தான் கம்ப்யூட்டரை மூடிவிட்டுப் படுக்கப் போக முடியும் என்று இருந்தது.

சில வாரங்கள் கழித்து ஒரு காலை, என் மகள் பள்ளிக்குக் கிளம்பப் பையை மூடினாள். அந்த ஜிப் சத்தம் காதில் விழுந்ததும் வயிறு இறுகிவிட்டது. "எத்தனை தடவை சொல்றது, மெதுவா மூடுன்னு" என்று கத்தினேன். ஒரு தடவைகூட அதற்கு முன் நான் அப்படிச் சொன்னதில்லை. அவள் என்னைப் பார்த்த பார்வையில்தான் முதன்முதலாக எனக்கு உறைத்தது, அந்த வீட்டிலிருந்து அந்தச் சிறுவனை மட்டும் நான் கூட்டி வரவில்லை என்று.

குழந்தைப் பாதுகாப்புப் பணியில் 11 ஆண்டுகள் முடித்துவிட்டேன். அந்தப் பணி என்னை என்ன செய்தது, நான் அதிலிருந்து எப்படி எழுந்தேன், எதில் இன்னும் எழவில்லை என்பதையெல்லாம் இங்கே எழுதுகிறேன். குழந்தைகள் யாரென்று தெரிந்துவிடாமல் இருக்க வயது, சூழல், நடந்த வரிசை எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். என் பக்கத்து அனுபவத்தை மாற்றவில்லை.

ஒரு பெரிய கேஸ் வந்து நம்மை உடைத்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். எனக்கு அப்படி நடக்கவில்லை. சுவரில் ஈரம் ஏறுகிற மாதிரி ஏறியது. குடும்ப விழா ஒன்றில் ஓர் உறவினர் பிள்ளையை மடியில் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தார். நான் அவர் கை எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். டியூஷன் ஆசிரியர் நல்ல மனிதர், அவருடைய அறைக் கதவு திறந்திருக்கிறதா என்று பார்க்க ஏதாவது சாக்குச் சொல்லிப் போய் வருவேன். மகளைக் குளிப்பாட்டும்போது, எந்தக் காரணமும் இல்லாமல், காயம் இருக்கிறதா என்று தேடுவேன். தேடுகிறேன் என்பதே எனக்குத் தெரியாது. கணவர் "என்ன தேடுற?" என்று கேட்ட அன்றுதான் தெரிந்தது.

இதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதை ரொம்பத் தாமதமாகவே தெரிந்துகொண்டேன். லிசா மெக்கேன், லாரி ஆன் பெர்ல்மேன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1990இல் இதற்குப் 'பதிலி மனக்காயம்' (vicarious traumatization) என்று பெயரிட்டு எழுதினார்கள். அடுத்தவரின் மனக்காயத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டு, பார்த்து, உடன் நிற்பவருக்கு உலகத்தைப் பற்றிய அடிப்படை எண்ணங்களே மெல்ல மாறிவிடுகின்றன என்பது அவர்கள் சொன்னது. பாதுகாப்பு, நம்பிக்கை, தன்மதிப்பு, நெருக்கம், நம் கையில் இருக்கிறது என்ற உணர்வு, இவை எல்லாம் இடம் நகர்ந்துவிடும். அதைப் படித்தபோது யாரோ என் வீட்டுக்குள் வந்து பார்த்துவிட்டு எழுதினது போலிருந்தது. 1995இல் சார்லஸ் ஃபிக்லி இதற்குப் பக்கத்தில் இருக்கிற இன்னொன்றை விளக்கினார். காயப்பட்டவருக்கு உதவுகிறவருக்கே கெட்ட கனவு, திடுக்கிடல், அந்தக் காட்சி கண்முன் வந்து நிற்பது, அந்தத் தெருப் பக்கமே போகாமல் தவிர்ப்பது என்று அதே அறிகுறிகள் வருவது. இதை இரண்டாம்நிலை அதிர்ச்சி என்பார்கள், இரக்கச் சோர்வு என்றும் சொல்வார்கள்.

பணிச்சோர்வு வேறு, இது வேறு. இதைப் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் நான் இரண்டு வருடத்தை வீணாக்கினேன். பணிச்சோர்வு என்பது கேஸ் எண்ணிக்கை, காகித வேலை, மேலதிகாரியின் நெருக்கடி, தீராத வேலை இவற்றால் வருவது. லீவு எடுத்தால், வேலையைக் குறைத்தால் கொஞ்சமாவது தணியும். நான் பத்து நாள் லீவு போட்டேன். ஐந்தாவது நாள் ஜிப் சத்தம் கனவில் வந்தது. ஓய்வு போதவில்லை என்று நினைத்து மறுபடி லீவு போட்டேன். ஓய்வால் தீராத ஒன்றுக்கு ஓய்வைத் திரும்பத் திரும்ப மருந்தாகக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

நம் வேலையில் இன்னொன்றும் உண்டு. மனநல ஆலோசகர் ஒரு குழந்தையின் வலியைக் கேட்கிறார், தாங்கிக்கொள்கிறார். நாம் அதைக் கேட்டுவிட்டு, ஒரு முடிவும் எடுக்கிறோம். 1989இல் ஏற்கப்பட்ட ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 9ஆம் பிரிவு, குழந்தையின் நலனுக்குத் தேவைப்பட்டாலொழிய அதைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது என்கிறது. 19ஆம் பிரிவு, எல்லா வகை வன்முறையிலிருந்தும் அதைக் காக்க வேண்டும் என்கிறது. தாளில் இரண்டும் ஒன்றுக்கொன்று துணை. வாசற்படியில் நிற்கும்போது இரண்டுக்கும் நடுவில் நிற்பது நாம். கூட்டிக்கொண்டு வந்தால் ஒரு காயம், விட்டுவிட்டு வந்தால் வேறொரு காயம். எது சிறியது என்று அரைமணி நேரத்தில் முடிவெடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தச் சிறுவனின் பைக்குள் இருந்த பயத்தில் ஒரு பங்கு நான் உண்டாக்கியது. அது சரியான முடிவு என்பதில் இன்றும் எனக்குச் சந்தேகமில்லை. சரியான முடிவும் கையில் கறை விட்டுப் போகும் என்பதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை.

என்னை உண்மையிலேயே கீழே தள்ளியது வேறொரு கேஸ். நான்கு வயதுப் பெண் குழந்தை. வீட்டில் நிலைமை சீராகிவிட்டது என்று எல்லோருமாகப் பேசி, முறைப்படி கூடி, அவளைத் திருப்பி அனுப்பினோம். பரிந்துரையின் கீழே இருந்தது என் கையெழுத்து. இரண்டே மாதத்தில் அவள் மருத்துவமனையில் கிடந்தாள். உயிர் பிழைத்தாள். அதற்கு மேல் இங்கே எழுத மாட்டேன்.

அடுத்த நாள் அலுவலகத்தில் கேட்ட முதல் கேள்வி, "யார் கையெழுத்து?" மாலையில் எல்லோரையும் ஒரே அறையில் உட்கார வைத்து, ஒவ்வொருவரும் என்ன பார்த்தோம், என்ன உணர்ந்தோம் என்று சொல்லியே ஆக வேண்டும் என்றார்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள். நான் பேசினேன். பக்கத்தில் இருந்தவர் பேசினார். அவர் பார்த்தது நான் பார்க்காதது. அதையும் சேர்த்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். பிறகுதான் படித்தேன்: அதிர்ச்சிக்கு ஆளானவர்களை உடனே ஒரே ஓர் அமர்வில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்லச் சொல்லும் முறையை 2002இல் காக்ரேன் மீளாய்வு ஒன்று, அதாவது பல மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து மதிப்பிடும் ஆய்வு, ஆராய்ந்திருக்கிறது. அது பி.டி.எஸ்.டி.யை (அதிர்ச்சிக்குப் பின் வரும் மன அழுத்தக் கோளாறை) தடுக்கிறது என்பதற்குச் சான்று இல்லை, கட்டாயப்படுத்திச் செய்வதை நிறுத்த வேண்டும் என்பது அதன் முடிவு. மனம் விட்டுப் பேசுவது நல்லதுதான். யாரிடம், எப்போது, எவ்வளவு என்பதைப் பேசுகிறவரே முடிவு செய்ய வேண்டும்.

அதற்கப்புறம் ஏழெட்டு மாதம் நான் வேலை செய்தேன் என்றுதான் பதிவேடு சொல்லும். ஒரு வீட்டுக்குப் போனால் எல்லாமே ஆபத்தாகத் தெரியும், எல்லாக் குழந்தையையும் தூக்கிக்கொண்டு வந்துவிடத் தோன்றும். அடுத்த வீட்டில் எதுவுமே தெரியாது, கண் பார்க்கும், மனது பதியாது. நம் காயத்தைக் கவனிக்காமல் விட்டால் அடி விழுவது நம் மீது மட்டுமல்ல. ஒரு குழந்தையைத் தேவையில்லாமல் பிரிப்போம், இன்னொன்றைத் தேவையான நேரத்தில் காணாமல் விடுவோம். 'எனக்கு நேரமில்லை, குழந்தைகள்தான் முக்கியம்' என்று நம்மில் பலர் தள்ளிப் போடுகிறோமே, அதற்கு என் பதில் இது.

பிறகு வேறு பிரிவுக்கு மாறினேன். அங்கே இருந்த மேற்பார்வையாளர் ஓய்வுக்கு நெருங்கியவர். எல்லோரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவோம். முதல் வாரமே என் பழைய ரிப்போர்ட் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, "நல்லா எழுதியிருக்கே. ஆனா இதுல நீ எங்கம்மா இருக்கே?" என்றார். எனக்குப் புரியவில்லை. "ஆஸ்பத்திரியில அந்தப் பொண்ணைப் பார்க்கப் போனியே, அங்க உன் கண்ணு எங்க போச்சு?"

யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. என்ன செய்தாய், ஏன் செய்தாய், எந்தத் தேதியில் செய்தாய் என்று எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். அவரும் பேசவில்லை. அப்புறம் சொன்னேன்: "நகம், அக்கா. கையில ரோஸ் கலர் நெயில் பாலிஷ். வீட்டுக்குப் போறான்னு குழந்தைங்க இல்லத்துல யாரோ ஆசையா போட்டு விட்டிருந்தாங்க. பாதி உரிஞ்சிருந்துச்சு. அதைத்தான் பார்த்துட்டிருந்தேன். முகத்தைப் பார்க்கலை."

அக்கா ஆறுதல் சொல்லவில்லை. 'உன் தப்பில்லை' என்றும் சொல்லவில்லை. "சரி. வியாழக்கிழமை மூணு மணி உனக்கு. எந்த மீட்டிங் வந்தாலும் அது உன் நேரம்" என்றார். அந்த வியாழக்கிழமைகள் ஒன்றரை வருடம் நடந்தன. என்னிடம் ஏதாவது வளர்ந்திருக்கிறதென்றால் அந்த அறையில்தான் வளர்ந்தது.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. அதிர்ச்சிக்குப் பிந்தைய வளர்ச்சி என்ற பேச்சு இப்போது எங்கும் கேட்கிறது. 'அடிபட்டால்தான் பலம் வரும்' என்று அதைச் சுருக்கிவிடுகிறார்கள். அந்தப் பெயரை 1990களில் கொண்டு வந்த ரிச்சர்ட் டெடெஸ்கியும் லாரன்ஸ் கால்ஹூனும் அப்படிச் சொல்லவே இல்லை. அவர்கள் அதை நிலநடுக்கத்தோடு ஒப்பிட்டார்கள். நிலநடுக்கம் வீடு கட்டுவதில்லை, இடிக்கத்தான் செய்யும். இடிந்த பிறகு என்ன மாதிரிக் கட்டுகிறோம், யார் கூட நின்று கட்டுகிறோம் என்பதில்தான் வளர்ச்சி இருக்கிறது. வேதனையும் வளர்ச்சியும் ஒரே ஆளுக்குள் ஒரே நேரத்தில் இருக்கலாம், ஒன்று வந்ததும் இன்னொன்று போய்விடாது என்பதையும் அவர்கள் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள்.

அவர்கள் பிரித்துக் காட்டிய இன்னொரு விஷயம் எனக்கு நேரடியாகக் கை கொடுத்தது. நடந்ததைப் பற்றிய யோசனையில் இரண்டு வகை உண்டு. ஒன்று, நாம் கூப்பிடாமல் வந்து நிற்பது, ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்புவது, சுற்றிச் சுற்றி அதே இடத்தில் நிற்பது. இன்னொன்று, நாமே உட்கார்ந்து வேண்டுமென்றே யோசிப்பது: இது எனக்கு என்ன காட்டியது, எதை நான் தவறாக நம்பியிருந்தேன் என்று. வளர்ச்சிக்கு வழி விடுவது இரண்டாவது. முதலாவதை நிறுத்த நான் எவ்வளவோ முயன்றேன், நிற்கவில்லை. இரண்டாவதற்கு ஒரு நேரமும் இடமும் ஓர் ஆளும் கிடைத்தபோது முதலாவது தானாகக் கொஞ்சம் அடங்கியது. மூன்று மணிக்கு அதைப் பேசப் போகிறோம் என்று மனதுக்குத் தெரிந்திருந்தால், இரண்டு மணி ராத்திரியில் அது அவ்வளவாகக் கதவைத் தட்டுவதில்லை.

இனி, நான் செய்து பார்த்து எனக்கு நின்ற சில பழக்கங்கள்.

இரண்டு பக்க நோட்டு. இடது பக்கத்தில் கண்ணால் கண்டது, காதால் கேட்டது மட்டும். வலது பக்கத்தில் அது என்னை என்ன செய்தது. பெயர் எழுத மாட்டேன், கோப்பு எண் எழுத மாட்டேன், ஓர் அடையாளமும் இருக்காது. இடது பக்கத்திலிருந்துதான் ரிப்போர்ட் போகும். வலது பக்கம் வியாழக்கிழமை வரைக்கும் இருக்கும், பேசி முடித்ததும் கிழித்துவிடுவேன். இதில் எதிர்பாராத லாபம் ஒன்று கிடைத்தது: என் ரிப்போர்ட்கள் தெளிவாகின. 'ஒத்துழைத்தது' போன்ற சொற்கள் போய்விட்டன. 'ஷூவை மாற்றிப் போட்டிருந்தான், திருத்த விடவில்லை, 40 நிமிடப் பயணத்தில் பேசவில்லை' என்று எழுத ஆரம்பித்தேன். நீதிமன்றத்துக்கும் அதுதான் உதவும், அந்தக் குழந்தைக்கும் அதுதான் நியாயம்.

கேஸ் பற்றிப் பேசுமுன் கேட்டுக்கொள்வது. முன்பெல்லாம் நடைபாதையில் யாராவது எதிரில் வந்தால் போதும், மோசமான கேஸை அப்படியே கொட்டுவோம். கேட்டவர் ஒன்றும் சொல்லாமல் அதையும் தூக்கிக்கொண்டு போவார். இப்போது எங்கள் குழுவில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். "ஒண்ணு சொல்லணும், கொஞ்சம் கனமானது. இப்ப கேட்க முடியுமா?" முடியாது என்றால் முடியாதுதான், யாரும் முகம் சுளிக்க மாட்டோம். சொல்லும்போதும் தேவையான அளவுக்கு மேல் விவரம் கிடையாது. எனக்குத் தேவை ஒருவர் பக்கத்தில் உட்கார்வது, அந்தக் காட்சியை அவர் தலைக்குள் ஏற்றுவது அல்ல.

படங்களும் பதிவுகளும். சான்றுக்காகப் பார்த்தே ஆக வேண்டியவை உண்டு. எதைத் தேடிப் பார்க்கிறேன் என்று முதலில் தாளில் எழுதிக்கொள்வேன். திரையில் சிறியதாக, நிறத்தை எடுத்துவிட்டு, சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பேன். சத்தம் தேவைப்பட்டால் படத்தை மறைத்துவிட்டுக் கேட்பேன். சாயங்காலத்துக்கு மேல் பார்ப்பதில்லை. 'இன்னொரு தடவை பார்த்துடலாம்' என்று கை போனால், அது வேலைக்கா பதற்றத்துக்கா என்று கேட்டுக்கொள்வேன். பெரும்பாலும் பதற்றத்துக்காகத்தான் இருக்கும்.

வீட்டுக்குப் போகிற வழி. முன்பு வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு இருபது நிமிடம் உள்ளேயே உட்கார்ந்திருப்பேன். இப்போது அந்த நேரத்தை அலுவலகத்திலேயே முடித்துக்கொள்கிறேன். அடையாள அட்டையைக் கழற்றி மேசை டிராயரில் வைத்து மூடுவதற்கு முன், அன்று செய்ததை ஒரு வரியில் வாய்விட்டுச் சொல்வேன்: 'டாக்டரிடம் கூட்டிப் போனேன். பாட்டியிடம் பேசினேன். மீதி நாளைக்கு.' சில நாள் டிராயரை மூடியும் மூடாத மாதிரியே இருக்கும். அந்த நாட்களில் வீட்டில் "இன்னைக்கு நான் கொஞ்சம் அமைதியா இருப்பேன், உங்க மேல கோபமில்லை" என்று சொல்லிவிடுவேன். என் மகளுக்கு அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. காரணம் தெரியாத மௌனம்தான் அவளைப் பயமுறுத்தியிருக்கிறது.

கேஸ் முடியும்போது ஒரு கேள்வி. இது அக்கா கற்றுக் கொடுத்தது. கோப்பை மூடுமுன், 'இந்தக் குழந்தை இதுவரை தாக்குப்பிடிக்க என்னவெல்லாம் செய்தது?' என்பதற்கு ஒரே வரியில் பதில் எழுத வேண்டும். தங்கையைக் கதவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். பசித்தால் எந்த வீட்டில் கேட்கலாம் என்று தெரிந்து வைத்திருந்தான். நடந்ததை ஒரே ஒருத்தியிடம் சொன்னாள், சரியான ஆளைத் தேர்ந்தெடுத்திருந்தாள். நம் படிவங்களில் குழந்தைக்கு என்ன நடந்தது என்று எழுத எத்தனையோ கட்டங்கள் உண்டு. குழந்தை என்ன செய்தது என்று எழுத இடமே கிடையாது. கொலம்பியாவில் அரசியல் வன்முறையால் பாதிக்கப்பட்டவர்களோடு பணியாற்றிய சிகிச்சையாளர்களைப் பேட்டி கண்டு, 2007இல் சில ஆய்வாளர்கள் எழுதினார்கள்: காயம் தொற்றுவது போலவே, பாதிக்கப்பட்டவர்களின் மீண்டெழும் திறனும் உடனிருப்பவருக்கு வந்து சேர்கிறது என்று. அதைப் படிக்கும் முன்பே நான் அதை உணர்ந்திருந்தேன். ஆனால் அது தானாக வராது. பார்த்தால்தான் வரும், பார்க்க ஒரு பழக்கம் வேண்டும். அந்த ஒரு வரிதான் எனக்கு அந்தப் பழக்கம்.

அளந்து பார்ப்பதும் உதவும். பெத் ஹட்னல் ஸ்டாம் உருவாக்கிய 'புரோகுவால்' என்ற 30 கேள்விப் படிவம் இலவசமாகக் கிடைக்கிறது. பணியில் கிடைக்கும் நிறைவு, பணிச்சோர்வு, இரண்டாம்நிலை அதிர்ச்சி மூன்றையும் தனித்தனியாகக் காட்டும். அது நோயைக் கண்டுபிடிக்கிற சோதனை இல்லை. நான் மூன்று மாதத்துக்கு ஒரு முறை நிரப்பி, முந்தையதோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். ஒரு தடவை நிறைவின் மதிப்பெண் மட்டும் சரிந்திருந்தது. வேதனை கூடவில்லை, மகிழ்ச்சி வடிந்திருக்கிறது என்பது அதைப் பார்த்துத்தான் தெரிந்தது.

இதெல்லாம் போதாத நிலையும் உண்டு. கெட்ட கனவு, திடுக்கிடல், ஒரு வகை வீட்டுக்கோ கேஸுக்கோ போகாமல் தட்டிக் கழிப்பது, மரத்துப் போவது, இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பாருங்கள். தூங்குவதற்குக் குடிக்க வேண்டியிருந்தால், வாழ வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால், ஒரு மாதம் காத்திருக்க வேண்டாம், அன்றே பாருங்கள். 'எனக்கா நடந்தது? குழந்தைக்குத்தானே நடந்தது' என்று கூசாதீர்கள். வேலையின் பகுதியாகக் கொடுமைகளின் விவரங்களுக்குத் திரும்பத் திரும்ப ஆளாவதும் பி.டி.எஸ்.டி.க்குக் காரணமாகலாம் என்று 2013இல் வந்த டி.எஸ்.எம்-5, அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோயறிதல் கையேடே, ஏற்றுக்கொண்டிருக்கிறது. குழந்தைகள் மீதான கொடுமைகளை விசாரிக்கும் காவலர்களையும் அது அதற்கு ஓர் உதாரணமாகச் சொல்கிறது. நான் ஒன்பது மாதம் சிகிச்சைக்குப் போனேன். அக்காவின் வியாழக்கிழமைகள் ஒரு பக்கம், அது ஒரு பக்கம். ஒன்றின் வேலையை மற்றது செய்யாது.

மேற்பார்வையில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். குழந்தையைப் பிரித்துக் கூட்டி வரும் வேலைக்குத் தனியாக யாரையும் அனுப்பாதீர்கள். போய் வந்த அன்றே நீங்களாகப் போன் செய்யுங்கள், "ரிப்போர்ட் எப்ப வரும்?" என்ற கேள்வியை மறுநாளைக்கு வையுங்கள். மறுநாள் அதே ஆளை இன்னொரு வீட்டுக்கு அனுப்பாதீர்கள். பாலியல் கொடுமைக் கேஸ்களை நன்றாகக் கையாள்கிறாள் என்பதற்காக எல்லாவற்றையும் ஒருத்தி தலையிலேயே கட்டாதீர்கள். ஓர் ஆள் தாங்க முடியாத அளவு கேஸ் கொடுத்துவிட்டு, மனவலிமைப் பயிற்சிக்கு அனுப்புவது அநியாயம். கஷ்டத்தில்தான் நீ வளர்வாய் என்று தனக்குக் கீழ் வேலை செய்பவரிடம் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. வளர்ந்தேன் என்று அவர் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

நான் வளர்ந்தேனா? டெடெஸ்கியும் கால்ஹூனும் ஐந்து திசைகளைச் சொல்கிறார்கள்: உறவுகள், புதிய வழிகள், தன் பலம், வாழ்க்கையை மதிப்பது, ஆன்மிகம். உறவுகளில் மாற்றம் நிச்சயம் உண்டு. யாராவது அழுதால் முன்பு ஏதாவது செய்யக் கை பரபரக்கும். இப்போது சும்மா உட்கார்ந்திருக்கத் தெரிகிறது. வசைபாடும் பெற்றோரிடம் முன்பைவிடப் பொறுமையாக இருக்கிறேன். பயத்தை எனக்கு உள்ளிருந்து தெரியும், அவர்கள் கோபத்துக்குள் அது இருப்பது தெரிகிறது. 'முடியாது' என்று மேலிடத்தில் சொல்லக் கற்றுக்கொண்டேன். போதிய விவரம் இல்லாமல் கையெழுத்து கேட்டால் போட மாட்டேன். ஆன்மிகத்தில் மட்டும் எனக்கு வளர்ச்சி என்று சொல்ல ஒன்றுமில்லை. முன்பு இருந்த ஒரு நிச்சயம் போய்விட்டது, அந்த இடம் காலியாகவே இருக்கிறது. காலியாக இருப்பதோடு வாழப் பழகியிருக்கிறேன்.

அந்தச் சிறுவனைப் பல வருடம் கழித்து ஒரு பரிசீலனைக் கூட்டத்தில் பார்த்தேன். என்னைவிட உயரமாகிவிட்டான். "என்னை ஞாபகம் இருக்கா?" என்று கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டுவிட்டேன். "இல்லையே அக்கா" என்றான். அந்த நாளைப் பற்றி அவனுக்கு நினைவிருந்தது ஒன்றுதான்: வண்டியின் கண்ணாடி முழுசாக மூடவில்லை, மழைச் சாரல் கையில் பட்டுக்கொண்டே வந்தது, அது பிடித்திருந்தது. ஜிப்பும் ஷூவும் அவன் நினைவிலேயே இல்லை. இத்தனை வருடம் அவனுக்காக நான் சுமந்தது அவனுடையது அல்ல, என்னுடையது. அன்று மழை பெய்தது என்பது எனக்கு நினைவில்லை.

அந்தப் பெண் குழந்தையின் கதையில் எனக்குச் சொல்ல அப்படி எதுவும் இல்லை. அவள் வேறு ஊரில், நல்ல குடும்பம் ஒன்றில் வளர்கிறாள் என்று தெரியும். விசாரிக்க எனக்கு உரிமை இல்லை, விசாரிப்பதில்லை. அவளால் நான் நல்ல பணியாளர் ஆனேன் என்று ஒரு கூட்டத்தில் யாரோ என்னைப் பாராட்டினார்கள். அதை அங்கேயே மறுத்தேன். அந்த விலைக்கு எனக்கு எதுவும் வேண்டாம், அதை விலையாகக் கொடுத்தது நானும் இல்லை.

அக்கா ஓய்வு பெற்றுவிட்டார். இப்போது வியாழக்கிழமை மூன்று மணிக்கு என் எதிரில் உட்கார்வது வேறொருவர், என்னைவிட இளையவர். போன வருடம், அந்தப் பெண் குழந்தையை மருத்துவமனையில் பார்த்த தேதி வந்தபோது அவரிடம் கோப்பு எண்ணைச் சொன்னேன். எனக்கு அது இன்னும் மனப்பாடம். அவர் எழுதிக்கொள்ளவில்லை. "அன்னைக்கு என்ன நிறம்னு சொன்னீங்க?" என்று கேட்டார். ரோஸ் என்றேன். அந்த ஒரு மணி நேரமும் அதைப் பற்றித்தான் பேசினோம்.